ஜன்னல் படியில் எழுதிய பெயர்

எஸ்தர் அன்று ஜன்னல் படியில் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள்.

கையில் பேனா இல்லை, சிலேட்டுக் குச்சி இல்லை. வெறும் சுட்டுவிரல். காலையில் நான் ஈரத்துணியால் துடைத்துவிட்டுப் போன படி அது. பத்து மணிக்குள் அதன்மேல் கரி படிந்து கறுத்துக் கிடந்தது. விரல் போன இடமெல்லாம் பலகையின் வெளுப்பு தெரிந்தது. ‘எ’ பெரிதாக வந்தது. ‘ஸ்’ கோணிப்போயிற்று. ‘த’ ஒருமாதிரி தேறியது. கடைசி ‘ர்’ ஜன்னல் கம்பியின் பக்கம் ஒதுங்கிவிட்டதால் அதற்குப் புள்ளி வைக்க நுனிக்காலில் எம்பினாள்.

எம்பியவள் அப்படியே நின்றுவிட்டாள். தோள்கள் இரண்டும் காதுவரை ஏறின. வாய் திறந்திருந்தது. உள்ளே போன மூச்சு வெளியே வர வழி தேடி, ஓட்டை விழுந்த ஊதலைப் போல ஒரு சத்தம் எழுப்பியது.

ஓடிப்போய் அவளைப் பிடித்து இழுத்தேன். ஜன்னலை அடைத்தேன். பிறகு அவள் விரலை என் சேலைத் தலைப்பால் துடைத்தேன். அடைத்ததையும் துடைத்ததையும் சரியாகத்தான் செய்தேன் என்று அன்று நினைத்தேன்.

சென்ற வாரம் இதே பத்திரிகைப் பக்கத்தில் நான் முதன்முதலாகப் பாடம் நடத்திய நாளைப் பற்றி எழுதியபோது எனக்கே சிரிப்பு வந்தது. இந்த வாரம் அப்படி எழுத வராது. நடந்து சில வருஷம் ஆகிவிட்டது. ஆனாலும் இதை எழுதும்போது என் ஒரு காது அடுத்த அறையில் இருக்கிறது. அவள் அங்கே உட்கார்ந்து பூகோளப் பாடத்தைச் சத்தமாகப் படிக்கிறாள். ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் நடுவில் எத்தனை மூச்சு என்று எண்ணிக்கொண்டேதான் எழுதுகிறேன்.

மில் வந்தபோது

நாகர்கோவிலில் பெரிய ரஸ்தாவிலிருந்து பிரியும் ஒரு சந்தில் எங்கள் வீடு. என் கணவர் கோர்ட்டில் நகல் எழுதுபவர். நான் பெண்கள் பள்ளிக்கூடத்தில் சின்ன வகுப்புக்கு ஆசிரியை. எஸ்தர், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்துப் பிறந்த ஒரே பிள்ளை. அந்தப் பத்து வருஷத்தில் எவ்வளவு ஜெபித்தேன் என்பதைச் சொன்னால், அவளுக்கு ஒரு தும்மல் வந்தாலும் நான் ஏன் எழுந்து நிற்கிறேன் என்பது புரியும்.

நாங்கள் குடிவந்தபோது சந்தின் கடைசியில் தென்னந்தோப்பு இருந்தது. பிறகு ஒருநாள் தோப்பை வெட்டினார்கள். செங்கல் வந்தது, தகரம் வந்தது, நான்கு ஜோடி மாடு கட்டி இழுத்துக் கொதிகலன் வந்தது. அரிசி மில்.

உண்மையைச் சொல்ல வேண்டும். நாங்கள் யாரும் வருத்தப்படவில்லை. நெல் குத்தியே உள்ளங்கை காய்த்துப்போன பெண்கள் அந்தச் சந்தில் எத்தனையோ பேர். புகைக்குழாயில் முதல்முதலாகப் புகை வந்த அன்று பிள்ளைகள் கைதட்டினார்கள். முதலாளி வீட்டுக்கு வீடு வாழைப்பழமும் கற்கண்டும் கொடுத்தார். நான் எஸ்தரை இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு, “பாரு மக்கா, பொக!” என்று காட்டினேன். அவள் கற்றுக்கொண்ட முதல் சொற்களில் அதுவும் ஒன்று.

அதைவிடப் பெரிய சந்தோஷம் உமி. மில்லுக்கு அடுத்த வீட்டுக்காரர்கள் சனிக்கிழமை காலையில் சாக்கோடு வந்தால் வேண்டிய மட்டும் உமி அள்ளிக்கொள்ளலாம், காசு வேண்டாம் என்று முதலாளி சொல்லிவிட்டார். நாஞ்சில் நாட்டில் உமி அடுப்பு தெரியாத வீடு உண்டா? அடுப்பின் நடுவில் ஒரு கட்டையை நிறுத்தி, சுற்றிலும் உமியை இறுக்கி அடித்து, கட்டையை உருவிவிட்டு அடியில் தீ வைத்தால் போதும். ஊத வேண்டாம், தள்ள வேண்டாம். பானையை ஏற்றிவிட்டுப் பள்ளிக்கூடம் போய் வரலாம். அது பாட்டுக்கு மணிக்கணக்காகக் கனன்றுகொண்டிருக்கும்.

வருஷத்தில் இரண்டு அறுப்பு. கன்னிப்பூ அறுத்ததும் மில்லுக்கு ஓய்வு இருக்காது. கும்பப்பூ அறுத்ததும் அப்படித்தான். வெயில் ஏறும்போது கொசு போல ஒரு கரித்தூள் சந்து முழுக்க இறங்கும். காயப்போட்ட துணியில், தயிரில், எழுதி வைத்த மையில். நான் அறுப்புக் காலத்தைப் பஞ்சாங்கத்தில் பார்ப்பதை விட்டுவிட்டேன். எஸ்தரின் நெஞ்சே சொல்லிவிடும்.

மில் ஒன்றைத்தான் சொல்ல வேண்டும் என்றில்லை. திருவனந்தபுரம் பஸ் ஒன்று போனால் ரஸ்தாவின் செம்மண் கால் நாழிகை காற்றில் நிற்கும். சாலைக்குத் தார் காய்ச்சினார்கள் என்றால் இரண்டு நாளைக்கு வாயில் அந்த ருசிதான். பட்டணமாகிறது ஊர், பட்டணமாகிறது என்று எல்லாரும் பெருமையாகச் சொன்னோம். பட்டணத்துக்கு ஒரு மூச்சு உண்டு என்பதும், அதைத்தான் பிள்ளைகள் இழுக்க வேண்டும் என்பதும் எங்களுக்குத் தோன்றவில்லை.

ஆளுக்கொரு மருந்து

எஸ்தருக்கு ஆறு வயதில் இளைப்பு வந்தது. வந்ததும் சந்து முழுக்க வைத்தியர் ஆகிவிட்டது. துளசிச் சாறு என்றார் ஒருவர். ஆடாதோடை என்றார் ஒருவர். ஊமத்தை இலையைக் காயவைத்துக் கொளுத்திப் பிள்ளையின் மூக்குக்கு நேரே பிடிக்கச் சொன்னார் ஒரு பெரிய மனிதர். புகையால் வந்த சீக்குக்குப் புகையே மருந்தாம். அதை மட்டும் நான் செய்யவில்லை. ஆனால் சாயங்காலம் தவறாமல் வீடெல்லாம் சாம்பிராணி போலக் குந்திரிக்கப் புகை போட்டேன். வாசனை நன்றாக இருந்தால் அது நெஞ்சுக்கு நல்லது என்று எனக்கு ஒரு எண்ணம்.

கடைசியில் பஸ் ஏறி நெய்யூர் மிஷன் ஆஸ்பத்திரிக்குப் போனோம். அங்கே ஒரு டாக்டர் குழாயை அவள் நெஞ்சில் வைத்ததும் குளிர்ச்சி தாங்காமல் அவள் சிரித்துவிட்டாள். அவரும் சிரித்தார். முதுகில் தட்டிப் பார்த்தார். மருந்து எழுதினார். பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார்:

“பிள்ளையைப் புகைக்குத் தள்ளி வைக்கணும், அம்மா. புகை எங்கே இருந்தாலும்.”

முதல் பாதியைக் கேட்டுக்கொண்டேன். இரண்டாவது பாதி பஸ் சத்தத்தில் எங்கேயோ விழுந்துவிட்டது.

அந்தக் கிறிஸ்துமஸ் விடுமுறைக்கு இராஜாக்கமங்கலத்தில் இருக்கும் என் நாத்தனார் வீட்டுக்குப் போயிருந்தோம். பத்து நாள். எஸ்தர் கடல் மணலில் கட்டுமரங்களைச் சுற்றி ஓடினாள். மீன்காரர் வீட்டுப் பிள்ளைகளோடு போட்டி போட்டுக் கத்தினாள். ஒரு நாள்கூடத் தோள் ஏறவில்லை.

“மதினி, இவளுக்கா சீக்குங்கிய? எனக்க வீட்டுச் சட்டிய மூணு உடச்சாச்சு. சீக்கு எனக்காக்கும்” என்றாள் நாத்தனார்.

அவள் அடுப்பு முற்றத்தில், நான்கு பக்கமும் திறந்த ஓலைச் சாய்ப்பின் கீழே இருந்தது. அதைப் பத்து நாளும் பார்த்தேன். பார்த்தும் பார்க்கவில்லை.

ஊருக்குத் திரும்பி, எங்கள் சந்து முனையில் பஸ்ஸை விட்டு இறங்கினோம். பத்தடி நடப்பதற்குள் அவள் என் விரலை இறுக்கிப் பிடித்தாள். தோள்கள் மேலே போயின. நான் மில்லின் புகைக்குழாயைப் பார்த்தேன். அந்த இடத்திலேயே முடிவு செய்தேன்.

அன்றுமுதல் மில் பக்கத்து ஜன்னல்களை வீட்டில் யாரும் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டேன். அடைத்ததோடு நிற்கவில்லை. கதவின் அடியில் ஈரச் சாக்கைச் சுருட்டி வைத்தேன். இடுக்குகளில் பழந்துணியைத் திணித்தேன். பிறகு மனு எழுத உட்கார்ந்தேன்.

இரண்டு ஒப்பு

மனுவை நான் எழுதினேன். நகல் எடுத்தது அவர். “ஊரான் மனுவ எழுதி எழுதி விரல் தேஞ்சுது. இப்ப வீட்டு மனுவா?” என்று சொல்லிக்கொண்டே முத்து முத்தாக மூன்று நகல் எழுதித் தந்தார். மில்லின் புகைக்குழாயை உயர்த்த வேண்டும், கரி பறக்காமல் வலை போட வேண்டும் என்று நகரசபைக்கு விண்ணப்பம். சந்தில் எல்லோரும் கையெழுத்து, எங்கள் ஊர்ப் பேச்சில் ஒப்பு, போட்டால்தான் எடுபடும் என்றார்.

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை. அவர் ஒரு துக்க வீட்டுக்காகத் திங்கள்சந்தை போயிருந்தார். காலையில் வழக்கம்போல மில் வாசலில் உமி அள்ளிவந்தேன். அடுப்பை இறுக்கி அடித்துச் சோற்றுப்பானையை ஏற்றினேன். எஸ்தருக்கு ராத்திரி கொஞ்சம் இருமல் இருந்ததால் அவளைக் கூட்டிக்கொண்டு போகவில்லை. எட்டு வயதுப் பிள்ளை, ஒரு மணி நேரம் தனியாக இருக்க மாட்டாளா?

“உள்ள நாதாங்கிய போட்டுக்கிடு மக்கா. சன்னலத் தொடப்படாது. பொக வரும். நான் வாறது வரைக்கும் ஆரு வந்தாலும் கதவத் தெறக்காண்டாம், கேட்டியா?”

“கேட்டாச்சும்மா.”

முதல் வீடு அடுத்த வீடுதான். பாக்கியம் அக்கா. புருஷன் போன பிறகு லேஸ் பின்னி இரண்டு பெண்பிள்ளைகளைக் கட்டிக்கொடுத்தவர். மடியில் லேஸ் தலையணையும், அதன்மேல் டக் டக் என்று குதிக்கும் நூல் குச்சிகளுமாகத்தான் அவரை எப்போதும் பார்க்கலாம்.

“என்ன டீச்சரே, கையில கடுதாசி? கல்யாணமா?”

“கல்யாணம் இல்லக்கா. மில்லுப் பொகக்கி ஒரு மனு. ஒரு ஒப்பு போட்டுத் தரணும்.”

குச்சிகள் நின்றன.

“ஒப்பு போட்டா அடுத்த சனிக்கெழம எனக்கு உமி தருவாரா அந்த மொதலாளி?”

“உமி பெருசா அக்கா, பிள்ளயளுக்க மூச்சு பெருசா?”

“உங்களுக்கு மாசம் பெறந்தா சம்பளம். உமி இல்லேண்ணா வெறகு வாங்குவிய. எனக்க அடுப்பில பூனதான் கெடக்கும்.” அவர் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு என்னைப் பார்த்தார். “ஒண்ணு கேக்கேன், கோவப்படப்படாது. இண்ணு காலத்த மில்லு நடையில எனக்கு முன்ன சாக்கோட நிண்ணது ஆரு?”

“அது வேற, இது வேற.”

“என்ன வேற? அங்க எரிஞ்சா பொக, உங்க வீட்டில எரிஞ்சா பிச்சிப்பூவா?”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. காகிதத்தை எடுத்துக்கொண்டு எழுந்து வந்துவிட்டேன். கோபத்தில் வேகமாக நடந்தேன். ஒரு வீட்டில், வீட்டுக்காரர் வரட்டும் என்றார்கள். ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், ஒப்பு தரவில்லை. தையற்காரர் ஒருவர் படித்துப் பார்க்காமலே அழகாகப் போட்டுவிட்டு, “ஓட்டு ஆருக்கு டீச்சர்?” என்று கேட்டார். தபாலில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒருவர் மட்டும் முழுவதும் படித்துவிட்டுப் போட்டார். ஆக இரண்டு ஒப்பு. ஒரு மணி நேரம் என்று சொல்லிவந்தது ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டது.

திறக்காத கதவு

சந்து திரும்பியதும் எங்கள் முற்றத்தில் ஆட்கள் நிற்பது தெரிந்தது.

பூவரசு மரத்தடியில் பாக்கியம் அக்கா காலை நீட்டித் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் மடியில், எந்நேரமும் லேஸ் தலையணை இருக்கும் அந்த இடத்தில், எஸ்தர் கிடந்தாள். உதடு நாவல்பழம் தின்றதுபோல் நீலம் பாரித்திருந்தது. அக்கா கையில் அகப்பட்டதை, லேஸ் பின்னுவதற்காக ஊசியால் கோலம் குத்திய ஓர் அட்டையை, வைத்து விசிறிக்கொண்டிருந்தார். அட்டையின் ஊசி ஓட்டைகள் வழியாக வெயில் புள்ளி புள்ளியாக என் பிள்ளையின் முகத்தில் ஆடியது. அதை இன்றும் பார்க்கிறேன். கண்ணை மூடினால் முதலில் வருவது அந்தப் புள்ளிகள்தான்.

நடந்ததைப் பிறகுதான் சொன்னார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இருமல் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. அக்கா பின்னிக்கொண்டே கேட்டிருக்கிறார். பிறகு இருமல் நின்றது. நின்றதுதான் அவரை எழுப்பியது. ஓடிவந்து கதவைத் தட்டியிருக்கிறார்.

“ஏட்டி எஸ்தரு, கதவத் தெற!”

உள்ளேயிருந்து மெல்லிய குரல்: “அம்ம தெறக்காண்டாம்னு சொன்னாவ.”

அதன் பிறகு ஒன்றும் இல்லை. அக்கா பின்பக்கம் ஓடி, அடுக்களைக் கதவை உதைத்துக் கீல் தெறிக்கத் திறந்திருக்கிறார். உமி கனன்ற புகை கூரைவரை முட்டி நின்றதாம். போக வழியில்லை. வழியையெல்லாம் அடைத்தவள் நான். எஸ்தர் முன்கதவுக்கு இரண்டடி உள்ளே, நாதாங்கிக்குக் கை எட்டும் தூரத்தில் கிடந்தாள். எட்டியும் தொடவில்லை. சொன்ன சொல் கேட்கும் பிள்ளை.

நான் அவள் பக்கத்தில் விழுந்தேன். அவள் பெயரைச் சொன்னேன். கண் திறந்தாள். மூச்சு ஊளையிட்டது. ஆனால் மூச்சு இருந்தது.

பாக்கியம் அக்கா குரலை உயர்த்தவில்லை. விசிறுவதையும் நிறுத்தவில்லை.

“டீச்சரே, மில்லு இண்ணு ஓடல்ல. நீங்க உமி அள்ளிட்டு வந்த கொஞ்ச நேரத்திலயே பெல்ட்டு அறுந்து நிண்ணுபோச்சு. தெரியாதா?”

நான் தலையைத் தூக்கிப் பார்த்தேன். புகைக்குழாய் சும்மா நின்றது. மாசி மாதத்து வானம் கழுவிவிட்டது போல இருந்தது. அந்த வானத்தின் கீழேதான் ஒன்றரை மணி நேரம் புகையை எதிர்த்து மனுவோடு நடந்திருக்கிறேன். ஒரு தடவைகூட அண்ணாந்து பார்க்கவில்லை.

முதல் வரி

மத்தியானத்துக்குள் அவளுக்கு மூச்சு சீரானது. திங்கட்கிழமை மறுபடியும் நெய்யூர். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன். டாக்டர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“எங்கே இருந்தாலும் என்று சொன்னேனே, அம்மா.”

“அப்படியானால் மில்லுப் புகை ஒன்றும் செய்யாதா, டாக்டர்?”

“செய்யும். இரண்டும் செய்யும். ஒன்றைக் கண்டுபிடித்ததற்காக மற்றதை மன்னித்துவிடாதீர்கள்.”

திரும்பும்போது பஸ்ஸில் அந்த ஒரு வாக்கியத்தைத்தான் மடியில் வைத்துக்கொண்டு வந்தேன்.

சந்தில் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நியாயம்தான். அவர்கூட, “இனி அந்த மனு எதுக்கு? கிழிச்சுப் போட்டிரலாம்” என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் அப்படிச் சொன்னார். கிழிக்கத்தான் எடுத்தேன். எடுத்த கையோடு உட்கார்ந்து புதிதாக ஒரு முதல் வரி எழுதினேன்: ‘இதன் கீழ்க் கையெழுத்திட்டிருக்கும் நான், இதே மில்லின் உமியை என் வீட்டுக்குள் எரித்து, என் பிள்ளையின் மூச்சை நானே அடைத்தவள்.’

“இப்படி ஒரு மனுவ நான் நகல் எழுதினதே இல்ல” என்றார் அவர். பிறகு மைக்கூட்டைத் திறந்தார்.

அந்தக் காகிதத்தோடு பாக்கியம் அக்கா வீட்டுக்குப் போனேன். வாசித்துக் காட்டினேன். அக்கா லேஸ் தலையணையை மடியிலிருந்து இறக்கி வைத்தார்.

“உமிய நான் விடமாட்டேன். இப்பமே சொல்லிப்போட்டேன்.”

“விடாண்டாம் அக்கா. அடுப்ப வெளிய வைப்போம். உங்க வீட்டுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவில ஒரு சாய்ப்பு போட்டா ரெண்டு அடுப்பும் கொள்ளும்.”

“மழ பெய்தா?”

“நனைவோம்.”

அக்கா சிரித்தார். எனக்கும் அவருக்கும் நடுவில் அந்த மாதத்தில் வந்த முதல் சிரிப்பு அது. அந்த வாரமே நான்கு கால் நட்டு ஓலை வேய்ந்தோம். சுவர் கிடையாது. என் கணவர் எங்கள் அடுக்களையில் கூரைக்குக் கீழே இரண்டு செங்கல்லை உருவி வழிவிட்டார். ஜன்னல்களில் திணித்திருந்த துணியையெல்லாம் நான் பிடுங்கினேன். குந்திரிக்க டப்பாவைக் கொடுத்துவிட்டேன்.

சாய்ப்பில் முதல் சோறு வெந்த அன்று அக்கா கையை நீட்டினார். “கொண்டாருங்க அந்தக் கடுதாசிய.” ஒவ்வொரு எழுத்தையும் லேஸ் பின்னுவதுபோல் சுற்றிச் சுற்றி, ‘பாக்கியம்’ என்று போட்டார். “பிள்ளைக்காக மட்டுமில்ல, கேட்டியளா? கரிப்புள்ளி விழுந்துண்ணு வாங்குறவிய எனக்க லேஸ மூணு தடவ திருப்பி அனுப்பிட்டாவ. சொன்னா வெக்கக்கேடுண்ணு சொல்லல்ல.”

அக்கா போட்ட பிறகு மற்றவர்கள் போட்டார்கள். மோர் கொடுத்த வீடும் போட்டது.

முதலாளியின் வேட்டி

நகரசபைக்குக் கொடுக்கும் முன் ஒரு நகலை மில் முதலாளியிடமே நேரில் கொடுப்பது என்று முடிவு செய்தோம். நானும் அக்காவும் போனோம். அவர் கெட்டவரல்ல. எங்களை உட்கார வைத்தார். மனுவை மெதுவாகப் படித்தார். முதல் வரியில் கொஞ்சம் நின்றார்.

அதற்குள் அக்கா கைப்பையிலிருந்து வெள்ளை லேஸ் துண்டு ஒன்றை எடுத்து, ஜன்னலோரம் அவருடைய மேஜைமேல் விரித்தார். எதற்கென்று சொல்லவில்லை.

“டீச்சர், ஊரு வளருது. பொக இல்லாம வளருமா?” என்றார் முதலாளி. “அதுவும் இது மேல போற பொக. ஆகாசத்தோட போயிரும். உங்க வீட்டுக்குள்ள உள்ளதுக்கு நான் என்ன செய்ய? நீங்களே எழுதியிருக்கியளே.”

“எனக்க பங்க எழுதியாச்சு. அடுப்ப வெளிய வச்சாச்சு. இனி உங்க பங்கு.”

அவர் இருமினார். தொண்டையைச் செருமிக்கொண்டு, எவ்வளவு செலவாகும், எவ்வளவு பேருக்கு வேலை கொடுக்கிறார் என்றெல்லாம் சொன்னார். எல்லாம் உண்மை. நாங்கள் மறுக்கவில்லை. அக்கா மட்டும் நடுவில் கேட்டார்:

“மொதலாளி, உங்க வேட்டி எங்க காயுது?”

“என்னது?”

“எங்க வண்ணாத்திதான் உங்க வீட்டுக்கும் வெளுக்கா. உங்க வெள்ளய மட்டும் சுசீந்திரம் ஆத்தங்கரையில காயப்போடச் சொல்லியிருக்கியளாம். இஞ்ச போட்டா கரி விழுமாம். உங்க வேட்டி இஞ்ச காயப்படாது. எங்க பிள்ளயள் மட்டும் இஞ்ச மூச்சு விடணுமா?”

முதலாளி பதில் சொல்ல வாயெடுத்து, மேஜையைப் பார்த்தார். நாங்களும் பார்த்தோம். விரித்து வைத்த லேஸில் ஏழெட்டுக் கரும்புள்ளிகள் விழுந்திருந்தன. அவர் ஒன்றை விரலால் தட்டிவிடப் பார்த்தார். அது இழுபட்டு ஒரு கோடாயிற்று.

“அது உங்களுக்குத்தான். வச்சுக்கிடுங்க” என்று அக்கா எழுந்தார்.

இப்போது

உடனே ஒன்றும் நடந்துவிடவில்லை. மனு கொடுத்தோம். ஒருவர் வந்து பார்த்துப் போனார். கன்னிப்பூ அறுப்பு வந்தது, கரி வந்தது, எஸ்தரின் தோள் ஏறியது. நான் ஒவ்வொரு நாளும் காற்று எந்தப் பக்கம், மில் ஓடியதா, அவள் மூச்சு எப்படி என்று ஒரு நோட்டில் குறித்துவைத்தேன். நோட்டு நிறைந்ததும் அதையும் ஒரு மனுவோடு வைத்துக் கொடுத்தேன். நான் வருவது தெரிந்தால் குமாஸ்தாக்கள் தாமாகவே நாற்காலியை இழுத்துப் போடுகிற அளவுக்குப் போய் நின்றேன்.

அடுத்த வருஷம் ஒருநாள் மில்லில் மூங்கில் சாரம் கட்டினார்கள். புகைக்குழாய் ஏறக்குறைய ஒரு தென்னை உயரத்துக்கு மேலே போயிற்று. குழாயின் வாய்க்குக் கம்பி வலை போட்டார்கள்.

சாரம் பிரித்து ஒரு வாரம் இருக்கும். காலையில் நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன். உள்ளேயிருந்து எஸ்தர் கூப்பிட்டாள். கோபமான குரல்.

“அம்மா, எழுத்து விழல்ல!”

கையை உதறிக்கொண்டு ஓடினேன். திறந்த ஜன்னல் முன்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். படியில் விரலை வைத்து இழுத்தாள். மறுபடி இழுத்தாள். ஒன்றும் தெரியவில்லை. என்னை நிமிர்ந்து பார்த்து, ஏதோ நான் எடுத்து ஒளித்துவைத்தது போலக் கேட்டாள்: “எனக்க பேரு எங்க?”

அன்று நான் எவ்வளவு நேரம் அழுதேன் என்பதைப் பாக்கியம் அக்கா இன்றும் சந்தில் சொல்லிக் காட்டுகிறார்.

இப்போது அவள் பெரிய வகுப்பு. எம்பாமலே ஜன்னல் கம்பியின் மேல்நுனி எட்டுகிறது. இளைப்பு போய்விட்டது என்று சொல்லமாட்டேன். வருகிறது, குறைவாக வருகிறது. அந்த நாதாங்கியை நான் கழற்றி எறிந்துவிட்டேன். வாசலில் கொக்கி மட்டும்தான்.

தினமும் பத்து மணிக்கு ஜன்னல் படியில் அவள் பெயரை எழுதிப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது. பள்ளிக்கூட நாளில் அக்கா எழுதிப் பார்ப்பார். அநேகமாக ஒன்றும் விழாது.

நேற்று விழுந்தது. சந்துக்கு அந்தப் பக்கம் புதிதாக இன்னொரு மில் ஓடத் தொடங்கியிருக்கிறது. ‘எஸ்’ வரைக்கும் தெளிவாகத் தெரிந்தது.

படியை நான் துடைக்கவில்லை. ஜன்னலையும் அடைக்கவில்லை. அவரைக் கூப்பிட்டு மைக்கூட்டைத் திறக்கச் சொன்னேன். பாக்கியம் அக்கா ஏற்கெனவே கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார்.

“முதல் ஒப்பு எனக்காக்கும், டீச்சரே” என்றார்.